கண்ணாடி போட்ட குயில்

எங்கள் பள்ளியில் மாணவனாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான்; சம்பளம் இல்லை, காதை மட்டும் கொடுக்க வேண்டும். பைபிள், கதைப் புத்தகம், மரம் மட்டை, இவைதான் பெரும்பாலும் பாடம். டீச்சர் ஒரு அத்தியாயத்தை ஒரே ஒரு தடவை வாசிப்பார். புத்தகத்தை மூடிவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்பார். கேட்டதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத என் இனத்தாரே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தேக்கா கேப்டன்

புயலில் கப்பல் மூழ்கும் அத்தியாயம். ஆளுக்கொரு குரல் கொடுத்தால்தான் கதை எனக்கு நினைவில் நிற்கும். அதனால் கேப்டனுக்குத் தேக்கா மார்க்கெட் மீன்கடை அண்ணனின் குரலைக் கொடுத்தேன். "வாங்கக்கா, வாங்க, இப்பதான் இறக்கின படகு, போனா கிடைக்காது" என்று அவர் பயணிகளைக் கூப்பிட்டார்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த ரூத் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "கப்பல் முங்கிட்டு, சரி. கேப்டன் எதுக்குடே மீன் விக்கிற மாதிரி கூவுதாரு?"

மரத்தில் யார்?

திங்கட்கிழமை தோட்ட நேரம். பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாரும் தூங்குமூஞ்சி மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை வரைய வேண்டும். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடிமரத்துக்குப் பின்னால் போய்க் குயிலாகக் கூவினேன். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் எங்கள் பிரின்சிபால் மிஸ்டர் டேவிட் பைனாகுலரைத் தூக்கிக் கழுத்து வலிக்க வலிக்கக் கிளை கிளையாகத் தேடினார். "ஆண் குயில் லா" என்று கிசுகிசுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழு வயது எஸ்தர் தன் படத்தை நீட்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. "குயில் கண்ணாடி போட்டிருந்துச்சு டீச்சர், நான் பார்த்தேன்."

சொந்தக் குரல்

மிஸ்டர் டேவிட்டின் தீர்ப்பு உடனே வந்தது. வெள்ளிக்கிழமை சாங்கிக் கடற்கரைக்குப் போகிறோம். கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாள். நட்சத்திர மீனைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று மாதக்கணக்காக நான் ஏங்கிய பயணம். அதற்குள் என் வாயிலிருந்து அடுத்தவர் குரல் வந்தால் எனக்கு சாங்கி கிடையாது.

மறுநாள் கதை சொல்ல எழுந்தேன். "ஒருவர் வந்தார். இன்னொருவரிடம் ஏதோ சொன்னார். பிறகு போய்விட்டார்." அவ்வளவுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்த பென்னி, "டேய், இது யாரு, எம்ஆர்டி ரயில் அறிவிப்பா?" என்றான். என் சொந்தக் குரல்தான் என்றேன். "நல்லா இல்ல, மாத்திடு."

கழுதை பிழைத்தது

வியாழக்கிழமை ரூத் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பனியில் வழி தவறிய கழுதைக் கதையின் கடைசி அத்தியாயம் பாக்கி. மிஸ்டர் டேவிட் வாசிக்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் கிழவியும் கழுதையும் அவர் வாயில் பெற்றோருக்கான சுற்றறிக்கைபோலப் பேசினார்கள். கழுதை வீட்டைக் கண்டு சந்தோஷத்தில் கத்தும் இடத்திலும் அதே குரல். எஸ்தருக்கு உதடு பிதுங்கியது. "கழுதை செத்துப்போச்சா?" இல்லை என்றார், அதே குரலில். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

நட்சத்திர மீன் ஒரு கணம் என் கண்முன் வந்து போனது. எழுந்து போய்ப் புத்தகத்தை வாங்கினேன். கிழவிக்கு ரூத் டீச்சரின் குரல், கழுதைக்குப் பென்னியின் குரல். கழுதை கத்திய கத்தலில் எஸ்தர் அழுகையோடு சிரித்தாள். எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் மிஸ்டர் டேவிட்தான். பிறகு என் தோளில் கை போட்டார்: "ரொம்ப நல்லா இருந்துச்சு. நாளைக்கு நீ வரல. ரூல்னா ரூல்தான் லா."

சாங்கி வந்தது

வெள்ளிக்கிழமை நான் ஆபீஸ் அறையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். மதியம் எல்லாரும் காலெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார்கள். பாதிக் குரல் திரும்பியிருந்த ரூத் டீச்சர் அவர்களை என் எதிரே உட்கார வைத்து, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

பென்னி நட்சத்திர மீனைச் சொன்னான். எஸ்தர் கடல் அட்டையை நெளிந்தே காட்டினாள். மிஸ்டர் டேவிட் சேற்றில் வழுக்கி விழுந்ததை அவரே சொன்னார். விழுந்த இடத்தில் ஒரு நண்டு இருந்ததாம். அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது என்னைப் பார்த்து என்னமோ சொல்லிச்சு. எனக்குக் குரல் வரல, நீ சொல்லு."

அந்த நண்டுக்கு நான் அவர் குரலையே கொடுத்துவிட்டதால், அடுத்த பயணத்தன்றும் பென்சில் சீவ வேண்டியிருக்கும் போலிருக்கிறது.