ஏழு குடித்தனம், ஒரே அடுப்பு

கல்யாணமாகி நான் ஒக்கலிபுரத்துக்கு வந்தபோது என் கணவர் ஊரையே காகிதத்தில் கட்டிக்கொண்டிருந்தார். லேஅவுட் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. அவர் போடும் பிளானில் ஒவ்வொரு வீட்டையும் சுற்றி நாலு பக்கமும் காற்றுக்கு இடம், தெருக்கோடியில் பார்க், பார்க்கில் பெஞ்சு. அந்தப் பெஞ்சில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. நாங்கள் இல்லை என்பது தெரிந்ததுதான்.

நாங்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். காற்றுக்கு விட்ட இடத்தில் எல்லாம் அறை எழுப்பி, ஒரு மனையில் தன்னோடு சேர்த்து ஏழு குடித்தனம் வைத்திருந்தார் வீட்டுக்காரர். நெருக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டேஷன், கடை எல்லாம் நடக்கும் தூரம். உப்பு தீர்ந்தால் கை நீட்டும் தூரத்தில் தையல்காரர் மனைவி. குறை குழாயில்தான். ஏழு குடித்தனத்துக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் காலையில் இரண்டு மணி நேரம். கடைசியாக வந்தவள் என்பதால் வரிசையில் நான் ஏழாவது. பாதி நாள் என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். பக்கத்துத் தெருக் கிணற்றுக்கு நடப்பேன். வயிற்றில் ஆறு மாதம், இடுப்பில் குடம். அந்தத் தண்ணீரில் இரண்டு வாளி ஊற்றிக் குளித்துவிட்டு அவர் ஊராருக்குத் தோட்டம் வரையக் கிளம்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நச்சரித்து, இன்னொரு குழாய் கேட்டு நகர ஆபீசுக்கு ஒரு மனு எழுத வைத்தேன். 'இங்கே ஏழு குடும்பங்கள் வசிக்கின்றன' என்று அழகான இங்கிலீஷில் எழுதினார். குழாய் வரவில்லை, நோட்டீஸ் வந்தது. ஒரு குடும்பத்துக்கான மனையில் ஏழு குடும்பம் எப்படி? இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், உண்மையானால் கூடுதல் அறைகளை இடிக்க வேண்டும். அந்த விதியைத் தினமும் பிளானின் ஓரத்தில் எழுதுகிறவர் என் கணவர். மனு எழுதும்போது ஞாபகம் வரவில்லையாம்.

வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். என் கணவர்தான் வழி சொன்னார். "அடுப்பைத்தான் சார் எண்ணுவாங்க. ஒரே அடுப்பு எரிஞ்சா ஒரே குடும்பம். ஏழு பேரும் அண்ணன் தம்பிங்கன்னு சொல்லிடலாம்." கையோடு ஒரு பிளானும் வரைந்தார். அதில் தையல்காரர் வீடு 'தையல் அறை' ஆனது. நாங்கள் குடியிருந்த அறை 'சாமான் அறை' ஆனது. அது ஓரளவுக்கு உண்மைதான்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஆறு குமுட்டி அடுப்புகளைக் கூடை கவிழ்த்து மறைத்தோம். வீட்டுக்காரரின் அடுப்பைச் சுற்றி ஏழு பெண்கள் நின்று ஒரு குழம்பைக் கிண்டினோம்.

"ஒலெ எஷ்டு?" அடுப்பு எத்தனை என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஒந்தே சார்," ஒன்றே ஒன்று என்றார் வீட்டுக்காரர்.

தையல்காரர் மனைவி என் தோளில் கைபோட்டு, "இவ நம்ம கடைசி ஓரகத்தி," என்றாள். நல்லவேளை, இன்ஸ்பெக்டர் யார் பெயரையும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் பெயரிலேயே குட்டு உடைந்திருக்கும். ஏழு அண்ணன் தம்பிகள் சண்டையில்லாமல் இருக்கும் அதிசயத்தைப் பாராட்டி, இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வீடு தப்பியது. அடுத்த வாரம் குழாய் மனுவுக்குப் பதில் வந்தது. விசாரித்ததில் இது ஒரே அடுப்புள்ள ஒரே குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு குழாய் போதும், மனு தள்ளுபடி.

என் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ரூல்படி சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மறுநாள் காலையில் குடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசுக்கு நேரமாகிறது என்று அவர் நேராகக் குழாயடிக்கே போய்க் குடத்தை வைக்கப் பார்த்தார். தையல்காரர் மனைவி அதைத் தன் காலால் நகர்த்தினாள்.

"அரே கொழுந்தனாரே, ஏழு பேர்ல நீங்கதான கடைசித் தம்பி? பின்னாடி போய் நில்லுங்க."

போய் நின்றார். அவர் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அன்று குளிக்காமல் ஆபீசுக்குப் போனார்.