தங்கசாமியின் சீரியல் லைட்டும் ஏரோப்ளேன் பாறையும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் வாழும் பொதுமக்கள், வணிகப் பெருமக்கள், ஆடு மாடுகள் உள்ளிட்ட அனைவரின் மேலான கவனத்துக்கும் பணிவன்புடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது மண்ணில் இதுநாள்வரை நிகழ்ந்த வான்விபத்துகள் அத்தனையையும், அவற்றின் காரணங்களையும் ஆராய்ந்து, ‘ஆகாய ஆய்வுச் செம்மல்’ காசிநாதன் அவர்கள் எழுதிய மாபெரும் நூல் வெளிவந்துவிட்டது. இனி இந்தப் பக்கம் விமானம் எதுவும் விழுந்தால், ஏன் விழுந்தது என்று யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

காசிநாதன் பெரம்பலூரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். செம்மல் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவருடைய கடையே. நூலில் மொத்தம் நாலு விபத்துகள். திருமானூர்க் கரும்புக் கொல்லையில் வந்து விழுந்த வானிலை பலூன் ஒன்று. குரும்பலூரில் மருந்தடிக்கும்போது தென்னை மரத்தில் முட்டிய டிரோன் இன்னொன்று. மூன்றாவது, கட்சிக் கூட்டத்துக்கு வந்த ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றில் சாப்பாட்டுப் பந்தல் சாய்ந்தது. விழுந்தது பந்தல்தான் என்றாலும் ஹெலிகாப்டர் பக்கத்தில் நின்றதால் சேர்த்துக்கொண்டார்.

நாலாவதுதான் நிஜம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ராணுவ விமானம் பாறையில் மோதி எரிந்தது. அந்தப் பாறை இன்றும் ஒரு பக்கம் கருத்துத்தான் கிடக்கிறது. ஊரில் ஏரோப்ளேன் பாறை என்பார்கள்.

நாலு விபத்துக்கும் செம்மல் கண்டுபிடித்த காரணம் ஒன்றே: மனிதத் தவறு.

நாலாவதற்கு அந்தக் காரணம் பொய். பொய் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். தங்கசாமிக்கும் அவர் மனைவி வேணிக்கும். இது கதையல்ல, நடந்தது. நம்பாதவர்கள் வேப்பந்தட்டை பஸ் ஏறிப் போய்த் தங்கசாமியைக் கேட்கலாம். அவர் சொல்லமாட்டார். வேணியைக் கேளுங்கள்.

தங்கசாமியின் அப்பாவுக்கு அகலமான கொல்லை இருந்தது. அண்ணன் தம்பி மூன்று பேரும் பங்கு பிரித்தபோது, எல்லாருக்கும் கிழக்கே தார்ரோடும் வேண்டும், மேற்கே ஓடையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். கொல்லையைத் துணி கிழிப்பதுபோல நீளவாக்கில் கிழித்தார்கள். தங்கசாமிக்குக் கிடைத்தது ஒன்றரை ஏக்கர், நாடா மாதிரி. ரோட்டில் தொடங்கி நேராக மலையைப் பார்த்து ஓடும். நடுவில் நடப்பதற்கு ஒரு தடம். மேற்குக் கடைசியில், இடது கைப் பக்கம், ஏரோப்ளேன் பாறை.

இந்த வருஷம் மக்காச்சோளம் நன்றாகக் கதிர் பிடித்திருந்தது. காட்டுப்பன்றிக்கும் அந்தச் செய்தி போய்விட்டது. பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். பன்றி புடவையை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. கடைசியில் தங்கசாமி கல்யாண மண்டபத்துச் சீரியல் லைட்டை வாங்கிவந்தார். சிவப்பு, பச்சை, நீலம். கொல்லையின் இரண்டு ஓரத்திலும் குச்சி நட்டு, ரோட்டிலிருந்து ஓடை வரைக்கும் இழுத்துக் கட்டினார். ரோட்டோரக் கொட்டகையில் பேட்டரி.

இருட்டினதும் கிளிப்பை மாட்டுவார். இரண்டு வரிசையும் மினுக் மினுக்கென்று மலைவரை ஓடும். வேணி மேற்குக் கடைசியில் நின்று தகரம் அடிப்பார். புடவைமேல் மகனுடைய பழைய கபடிச் சட்டை. மஞ்சள் சட்டை, முதுகில் பெரிதாகப் பத்து என்று நம்பர். மகன் துபாயில் இருந்தான். சட்டை இங்கே பன்றி விரட்டியது.

பன்றி வருவது நின்றது. அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

கார்த்திகைக் கடைசி. மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல... ட்ர்ர்ர்ர்... தலைக்கு மேலே. தங்கசாமி அண்ணாந்து பார்த்தார். ஒன்றுமில்லை. திருச்சிக்குப் போகிற விமானத்தை அவருக்குத் தெரியும். அது ஒரு மினுக்கல், பின்னாலேயே ஒரு முனகல், போய்விடும். இது போகவில்லை. வட்டமடித்தது.

மறுநாளும் அதே நேரம். இன்னும் தாழ்வாக. நாய் குரைக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக்கூட விடாத நாய், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. காற்றே இல்லை. ஆனால் மக்காச்சோளப் பூவெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பெட்ரோல் வாடை அடித்தது.

விமானம் சம்பந்தமாகத் தங்கசாமிக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். பாறையைப் போட்டோ எடுக்க வந்தபோது செம்மல் கொடுத்த நம்பர் போனில் இருந்தது.

“சார், பாறைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரன் தங்கசாமி பேசறேன்.”

“சொல்லுங்க. புத்தக விழாவுக்கு வந்துடுவீங்கல்ல? பொன்னாடை உண்டு.”

“வரேன் சார். அது இல்ல. ரெண்டு நாளா ஒரு ஏரோப்ளேன் நம்ம கொல்லையச் சுத்துது. கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது.”

“எந்தக் கம்பெனி விமானம்?”

“தெரிஞ்சாத்தான சார் கம்பெனியப் பாக்குறதுக்கு.”

“அப்ப அது மனிதத் தவறு. ஒங்க காது.”

வேணி சிரித்தார். “அந்தாளு டிக்கெட்டுப் போட்டுக் குடுத்த ஏரோப்ளேனா இருக்கும். எறங்க எடம் தெரியாம சுத்துது.”

தங்கசாமி சிரிக்கவில்லை. மகனை அனுப்பத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனபோது, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தது ஞாபகம் வந்தது. இருட்டில் நீளமாக, நேராக... இரண்டு வரிசை விளக்கு.

“ஏ வேணி... மேலேருந்து பாத்தா நம்ம கொல்ல எப்டி இருக்கும்?”

“சாமி ஊர்வலம் மாதிரி இருக்கும். போயி சோத்தத் தின்னுங்க.”

விளக்கைப் போடாமல் விட்டால் பன்றி. போட்டால்... என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்றி கண்ணுக்குத் தெரிந்த எதிரி. மூன்றாம் நாளும் கிளிப்பை மாட்டினார்.

மணி ஏழு இருபது. டீக்கடை ரேடியோவில் செய்தி முடிந்த நேரம்.

ட்ர்ர்ர்ர்...

இந்தத் தடவை வட்டமடிக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிழக்கே, வெகு தூரம் போய்த் திரும்பியது. திரும்பி நேராக வந்தது. சத்தம் பெரிதாகவில்லை, தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. ரோட்டுப் புளியமரத்து இலை உதிர்ந்தது.

இறங்குகிறது.

தங்கசாமி பேட்டரிக்குப் பாய்ந்தார். கிளிப்பைப் பிடுங்கினார்.

விளக்கு அணையவில்லை.

கிளிப் கையில் இருந்தது. ஒயர் தொங்கியது. சிவப்பு, பச்சை, நீலம்... மலைவரைக்கும் மினுக்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு கிளிப்பையும் பிடுங்கினார். அணையவில்லை.

மேற்குக் கடைசியில் வேணி. மலையைப் பார்த்து நிற்கிறார். இந்தப் பக்கம் முதுகு. தகரம் அடிக்கிறார். டம்... டம்... டம்...

“வேணீ!”

டம்... டம்...

போன் அடித்தார். கொட்டகைக் கூடைக்குள்ளேயே மணி அடித்தது. வேணி போனை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

தலைக்கு மேல் என்னவோ கடந்தது. முடி பறந்தது. கூரைக் கீற்று பிய்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தங்கசாமி தடத்தில் ஓடினார். மக்காச்சோளத் தோகை முகத்தைக் கிழித்தது. இருபக்கமும் பயிர் படுத்துப் படுத்து எழுந்தது. அவருக்கு முன்னால்... வேகமாக... வேணியைப் பார்த்து.

மஞ்சள் சட்டை தெரிந்தது. பத்து தெரிந்தது.

“படுடீ! கீழ படு!”

டம்...

தகரச் சத்தத்தில் வேணிக்குக் கேட்கவில்லை. தடுக்கி விழுந்தார். மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை.

கடைசி நேரத்தில் சத்தம் திரும்பியது.

இடது பக்கம். வெடுக்கென்று.

பாறைப் பக்கம்.

அப்புறம்... ஒன்றுமில்லை. மோதல் இல்லை. வெடிச் சத்தம் இல்லை. பேச்சுக்கு நடுவில் போன் கட் ஆனதுபோல நின்றது.

விளக்கு இரண்டு வரிசையும் அணைந்தது.

டம்... டம்... என்று வேணி மட்டும் இருட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அவரும் நிறுத்தினார்.

“என்னாங்க... லைட்டு போயிடுச்சு?”

அன்று ராத்திரி வேணி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். முதுகுக்குப் பின்னால் யாரோ பைக்கை ஒடித்துத் திருப்பினது மாதிரி காற்று அடித்ததாம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை நூல் வெளியீட்டு விழா. பெரம்பலூரில் ஒரு மண்டபம். செம்மலைப் பாராட்டிப் பேசியவர்கள் பேசினார்கள். பேசவந்து தங்களைப் பாராட்டிக்கொண்டவர்களும் பேசினார்கள். விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த அரும்பணிக்காகத் தங்கசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் அவரைத் தெங்கசாமி என்றார்.

பிறகு செம்மல் மைக்கைப் பிடித்தார்.

“நாலாவது விபத்தைப் பத்தி ஒரு சுவாரசியமான செய்தி. விமானி கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். இருபது வயசு. பாறையிலேருந்து உயிரோடதான் தூக்கியிருக்காங்க. விடியறவரைக்கும் பேசிக்கிட்டே இருந்திருக்கான். தூக்குனவரோட பேரன் பெரியசாமி எங்கிட்ட நேர்ல சொன்னது. பையனுக்கு மூளை எப்படிக் கலங்கியிருக்குன்னு பாருங்க.”

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“மேகத்துல வழி தவறிட்டானாம். கீழ ரெண்டு வரிசை வெளக்கு தெரிஞ்சுதாம். செவப்பு, பச்சை, நீலம். மினுக் மினுக்குன்னு. அப்ப அந்த ஊர்ல கரண்ட்டே கெடையாதுங்க! சிம்னி வெளக்குதான்!”

சிரிப்பு.

“மூணு நாள் சுத்தின மாதிரி இருந்துச்சுன்னானாம். கெளம்பி ரெண்டு மணி நேரம்கூட ஆகல! சரி, எறங்கலாம்னு எறங்கினா, நடுவுல ஒரு பொம்பள நிக்குதாம்.”

வேணி தங்கசாமியின் கையைப் பிடித்தார்.

“பொடவைமேல மஞ்சச் சட்டை. முதுகுல பத்துன்னு நம்பர்! யுத்தக் காலத்துல, நம்ம வேப்பந்தட்டையில, நம்பர் போட்ட சட்டையோட பொம்பள! ‘அந்தக்கா திரும்பியே பாக்கலீங்க, அக்கா மேல மோதக் கூடாதுன்னுதானுங்க திருப்புனேன்’னு சொல்லிச் சொல்லியே செத்திருக்கான். ஆகவே, காரணம்...”

“மனிதத் தவறு!” என்றது கூட்டம். கைதட்டல்.

வேணி எழுந்து நின்றார்.

“சார்... அந்தப் புள்ள மேல தப்பு இல்ல சார்.”

“கேள்வி நேரம் கடைசியில இருக்கும்மா. ஒக்காருங்க.”

கேள்வி நேரம் வரவில்லை. சாப்பாடு வந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். பாதி வழியில் வேணி சொன்னார், “லைட்டு இல்லன்னா அந்தப் புள்ள எறங்கியிருக்காதுல்ல?”

“நான்தான் மாட்டுனேன். நான்தான் புடுங்கவும் பாத்தேன்.”

“இனிமே போடாதீங்க. போடாட்டி... ஒருவேள அந்தப் பாறையில...”

அந்த ஒருவேளையை இரண்டு பேரும் முடிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் தங்கசாமி சீரியல் லைட்டைக் குச்சியோடு பிடுங்கிச் சுருட்டினார். வேணி மஞ்சள் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அன்றிரவு கொல்லை முழுக்க இருட்டு. வானத்தில் சத்தம் இல்லை. இரண்டு பேரும் கொட்டகையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கிடந்தார்கள். விடிகிறவரைக்கும் ஒன்றும் வரவில்லை. மேலிருந்து ஒன்றும் வரவில்லை.

வெளுத்ததும் வெளுக்காததுமாகத் தங்கசாமி மேற்கே ஓடிப் பாறையைப் பார்த்தார்.

கருப்பு அப்படியே இருந்தது. கொல்லையெல்லாம் பன்றிக் குளம்புத் தடம். மக்காச்சோளம்தான் இல்லை.