அவர் திறந்த கதவு

பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை எங்கள் வாசகர் கூட்டம் நடக்கும். அன்று பதினான்கு பேர் இருந்தோம், எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். ஏர்கோன் குளிர் வீணாகாமலிருக்க, கதவைச் சாத்தச் சொல்லிச் சத்தம் போடுகிறவனும் நான்தான். கிள்ளானிலிருந்து தன் மகளுடன் வந்திருந்த லோரி ஓட்டுநர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். பெரிய உடம்பு. எங்கு போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிடுவாராம், இங்கும் வெறுங்கால்தான்.

பழைய ஆங்கிலப் பேய்க்கவிதை ஒன்றை ஒருவர் தமிழில் வாசித்தார். இறந்துபோன மனைவி இரவில் வந்து கதவைத் தட்டுகிறாள். கணவன் பயந்துபோய்த் திறக்கவில்லை. வாசித்தவர் மேசையைத் தட்டத் தட்ட எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போது லோரிக்காரர் எழுந்துபோய் அறைக் கதவை விரியத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒரு பெண் அலறிவிட்டாள்.

தேநீர் வேளையில் அவரிடம் போனேன். "என்ன பாஸ், எங்கள கொல்லப் பாத்தீங்களே?"

"சோரி அங்கிள். அந்தம்மா அவ்வளவு நேரம் தட்டுது, ஒருத்தரும் எந்திரிக்கலயே." குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் என் சம்சாரத்துக்குப் பதினாறாம் நாள் காரியம். படையல் வச்சு, கதவைச் சாத்திட்டு வெளிய நின்னோம். அவ சாப்பிடணும்ல. அப்புறம் தட்டிட்டுத்தான் உள்ள போகணும். மழை கொட்டுச்சுன்னு நான் தட்டாம போயிட்டேன் லா. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிருப்பா."

கதவு திறந்தே கிடந்தது. குளிரெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கூட்டம் முடியும்வரை அதைச் சாத்த எனக்குக் கை வரவில்லை.