கட்டிங் மாஸ்டர் போட்ட பூங்கா

அவிநாசிபாளையம் பக்கம் நான் மேலாளராக இருந்த கேளிக்கைப் பூங்காவை விரிவாக்க, முதலாளி பக்கத்துத் தோட்டத்தை வாங்கினார். எதை எங்கே வைப்பது என்று திட்டம் போடத் தன் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரை அனுப்பிவைத்தார்.

கழுத்தில் டேப்பு, காதில் பென்சில். எந்தக் காகிதத்தையும் துணிபோல் இழுத்துப் பார்ப்பார். நில வரைபடத்தையும் இழுத்தார். ராட்டினம், படகுக்குளம், குட்டி ரயில் எல்லாவற்றையும் அட்டையில் வெட்டி, இடைவெளியில்லாமல் வரைபடத்தின்மேல் அடுக்கினார்.

"துளி வேஸ்ட்டு இல்லீங்க."

"ஏனுங்க மாஸ்டர், சனம் நடக்கறது எங்கீங்க?"

"தெச்சு முடிச்ச பொறகுதானுங்களே ஆளு உள்ள நொழையறது?"

வழிவிடுவதற்காக ஒரு ராட்டினத்தை எடுத்தேன். ஒரு கை வைக்காமல் தைத்த பனியனைப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இன்றும் நான்தான் குற்றவாளி.