ஏரோது ஆகாத வண்டிக்காரன்

சித்தூர் வெல்ல மண்டியில் கணக்கெழுதும் நேசகுமாருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக நடிப்பது. சபையோ வருஷா வருஷம் அவருக்கு மேய்ப்பன் வேஷம்தான் கொடுத்தது. அதிலும் வசனமில்லாத மேய்ப்பன். ஏரோது எப்போதும் சபையை நடத்தும் மூப்பர் பிரகாசத்தின் மருமகன். ராஜ கட்டளையை ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஒப்பித்துவிட்டுப் போவான்.

எண்பத்து நான்கில் மெட்ராஸ் டிவிக்காக யாரோ ஒரு பழைய ரஷ்ய நாடகத்தைத் தமிழில் எடுத்தார்கள். அங்கே தையல் வேலை பார்த்த மச்சான் தயவில் நேசகுமாருக்கு வண்டிக்காரன் வேஷம் கிடைத்தது. முதல் காட்சியில் உள்ளே வந்து, “எஜமான், குதிரை பூட்டியாச்சு” என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான். மெட்ராஸ் வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் நின்று குளிரில் நடுங்கிக் காட்டிய கதையை அவர் சொல்லாத ஆள் மண்டியில் பாக்கியில்லை.

“டிவில பாக்கறேன். நல்லா பண்ணியிருந்தா இந்த வருஷம் ஏரோது உனக்குத்தான்” என்றார் மூப்பர்.

ஒளிபரப்பு அன்று சபை மொத்தமும் மூப்பர் வீட்டில் கூடியது. மெட்ராஸைப் பிடிக்கத் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்ட வீடு அது ஒன்றுதான். படம் தெளிந்ததும் மூப்பர் எழுந்தார். டீ குடிக்கவே ஜெபம் பண்ணுகிற சபை, டிவிக்குப் பண்ணாமல் விடுமா? சத்தத்தைக் குறைத்தார்கள், கண்ணை மூடினார்கள். மூப்பருக்குச் சுருக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. மழைக்காக, நோயாளிகளுக்காக, வெல்ல விலைக்காக வேண்டிவிட்டு, கர்த்தரை அறியாத ரஷ்ய தேசத்துக்காக உருகத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ரஷ்ய வண்டிக்காரன் வந்தான், வாயசைத்தான், போனான். அதற்குப் பிறகுதான் ஆமென்.

நாடகம் முடிந்தது. “என்னாப்பா, நீ வரவேயில்லியே” என்றார் மூப்பர்.

“வந்தேங்கய்யா. நீங்க ஜெபம் பண்ணிக்கினு இருக்கசொல்ல.”

“அப்ப நீ கண்ணைத் தொறந்துகினு இருந்தியா?”

சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவனைக்கூடச் சபை அப்படிப் பார்த்ததில்லை. பாடகர் குழுவின் முதல் குரலான நேசகுமாரின் மனைவி கிருபாவதி எழுந்து நின்றாள்.

“நானும் பாத்தேன்யா. அவரு வந்தாரு. நல்லாத்தான் பண்ணாரு.”

மூப்பர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஏரோது மருமகனுக்கே. கிருபாவதி இனிமேல் பாடகர் வரிசையில் நிற்க வேண்டாம்.

அந்தப் பாட்டை விட்டால் அவளுக்கு வேறு சந்தோஷம் கிடையாது. வீடு வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். நேசகுமார் பக்கத்தில் வந்து, “நெசமாவே நல்லா பண்ணனா?” என்று கேட்டார்.

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

“குதிரை பூட்டியாச்சுன்னுட்டுத் திரும்பிப் போறனே, அந்த எடம்?” என்றார்.