கீழ்த்தளத்தில் நின்ற லிஃப்ட்

என் அண்ணியைப் பற்றி இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. இருபத்திரண்டு வருடம் ஒரே அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் வாசலை ஒட்டி, வெளிநோயாளிச் சீட்டு எழுதும் கவுண்டரில். எனக்கு எதிரே பத்தடி தள்ளி அவர், லிஃப்ட்டில். வீட்டில் என் அண்ணன் மனைவி, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் லிஃப்ட்டக்கா. இரண்டு இடத்திலும் நான் சொல்வதைக் கேட்காதவர். இதை நான் கோபத்தில் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் ஒரு துளி அண்ணி மேலும் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் மூன்றாவது மாடியில். இப்படி வரைபடம் போட்ட புண்ணியவான் யாரோ தெரியாது, அவர் வீட்டில் அடுப்பை மொட்டைமாடியில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார் போலிருக்கிறது. லிஃப்ட் இரண்டு. ஒன்று ஆறு வருடத்துக்கு முன்பு நின்றது. அதன் கதவைப் பூட்டி, முன்னால் பெரிய பூந்தொட்டி ஒன்றை வைத்து அழகு பார்த்தார்கள். சரி செய்து தரச் சொல்லிக் கண்காணிப்பாளர் சுகாதாரத் துறைக்கு எழுதினார், அவருக்கு முன்பு இருந்தவரும் எழுதினார். ஒருமுறை அமைச்சர் அலுவலகத்திலிருந்தே பதில் வந்தது, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

மிஞ்சியது அண்ணியின் லிஃப்ட். கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். பட்டனை அழுத்திப் பிடித்தால் போகும், விட்டால் நிற்கும். தரைக்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டால் தள்ளுவண்டியின் சக்கரம் இடிக்கும், தையல் போட்டுப் படுத்திருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். அண்ணி கம்பி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே போவார். எந்த விரிசல் கண்ணுக்கு நேராக வரும்போது கையை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு சக்கரமும் இடித்ததில்லை. ஒருமுறை காய்ச்சலில் லீவு போட்டார். மாற்று ஆள் ஓட்டியதில் லிஃப்ட் மூன்று தடவை அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து காய்ச்சலோடும் வேலைக்கு வந்தார். “இவளுக்கு லிஃப்ட்டோடதான் கல்யாணம். என்னோட நடந்தது வெறும் நிச்சயதார்த்தம்” என்பார் என் அண்ணன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் அவர். மாதத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவார், அதில் ஒன்று இது.

போன வருடம், மூன்றாவது மாடியில் கட்டிய புதிய தீவிர சிகிச்சைப் பிரிவைத் திறந்துவைக்கச் சுகாதார அமைச்சர் வருகிறார் என்று தகவல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் சொரணை வந்தது. எங்கிருந்தோ பெயின்ட் வந்தது, புதிய படுக்கை விரிப்பு வந்தது, மூன்றாவது மாடிச் சுவரில் பதிக்க அமைச்சர் பெயர் பொறித்த திறப்புவிழாக் கல்லும் வந்தது. ஆனால் படுக்கையே கிடைக்காமல் நடைவழியில் பாய் விரித்துக் கிடந்தவர்களை என்ன செய்வது? கண்காணிப்பாளரும் நிர்வாக அதிகாரியும் கூடிப் பேசினார்கள். அமைச்சர் எப்படியும் லிஃப்ட்டில்தான் போவார், படிப்பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார். ஆகவே அத்தனை நோயாளிகளையும் மாடிப்படிக்கு மாற்றினார்கள். உடைந்த கட்டில்கள், சக்கரம் கழன்ற தள்ளுவண்டிகள், துருப்பிடித்த குளுக்கோஸ் ஸ்டாண்டுகள் எல்லாம் அங்கேயே போயின. படி தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைத் திரையைக் கட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

காலையில் நிர்வாக அதிகாரி வந்து அண்ணியிடம் சொன்னார்: “ஒன்பது மணியிலேர்ந்து லிஃப்ட் கீழயே நிக்கணும். கதவைத் திறந்து வச்சிருக்கணும். அமைச்சர் ஏறுற வரைக்கும் ஒரு ஈ கூட உள்ள போகக் கூடாது.”

“அவசரக் கேஸ் வந்தா சார்?”

“ஒரு மணி நேரத்துல அப்படி என்ன அவசரம் வந்துடப் போகுது?”

பிரசவ வலிக்கு முன்கூட்டியே சுற்றறிக்கை அனுப்பியிருந்தார் போலும்.

பத்து மணிக்கு வர வேண்டியவர் பதினொரு மணிக்கும் வரவில்லை. பதினொன்று பத்துக்குப் பிரசவ வார்டிலிருந்து தள்ளுவண்டி வந்தது. முதல் பிரசவம், சின்னப் பெண். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து, விரிப்பெல்லாம் ரத்தம். கூட ஓடி வந்த டாக்டர் அம்மாவும் வயதில் சின்னவர்தான். “உடனே தியேட்டருக்குப் போகணும்” என்றார். நிர்வாக அதிகாரி கையில் பூங்கொத்தோடு லிஃப்ட் வாசலில் குறுக்கே நின்றார்.

“அஞ்சே நிமிஷம் டாக்டர். கார் திருப்பத்துக்கு வந்துடுச்சாம்.”

“குழந்தையோட துடிப்பு குறையுது சார்!”

“நான் என்ன வேணாம்னா சொல்றேன்? அஞ்சு நிமிஷம்தானே.”

படி வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நர்ஸ் பச்சைத் திரையை விலக்கினார். முதல் படியிலிருந்தே ஆட்கள், கட்டில்கள், கம்பிகள். ஒற்றை ஆள் ஏறுவதற்கே இடம் தேட வேண்டும். நர்ஸ் திரையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தபடி இருந்தார். லிஃப்ட் காலி, கதவு திறந்திருக்கிறது, தள்ளுவண்டி பத்தடியில் நிற்கிறது. எனக்கு அவர் மேல் கோபம் என்று சொன்னேனே, இதற்குத்தான். இருபத்திரண்டு வருடத்தில் மேலிடத்து உத்தரவு ஒன்றையும் மீறாதவர், அன்றும் மீறவில்லை. நானும் பெரிய வீராங்கனை இல்லை. கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் பத்தாகி, பத்து பதினைந்தானது. அந்தப் பெண் அதுவரை அலறிக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தம் நின்றது.

அண்ணி எழுந்துவிட்டார். “உள்ள தள்ளுங்க டாக்டர்.”

“ஏய், என்ன பண்ற நீ? கார் கேட்டுக்கு வந்துடுச்சு!” என்றார் அதிகாரி.

“வந்தா நிக்கச் சொல்லுங்க.”

கம்பிக் கதவை அவர் இழுத்துச் சாத்திய வேகத்தில் பூங்கொத்தில் பாதி கதவில் மாட்டி மேலே போய்விட்டது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபத்தெட்டு.

மேலே போனதும் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வண்டியோடு தியேட்டர் வரை ஓடியிருக்கிறார் அண்ணி. கதவு திறந்திருந்தால் அந்த லிஃப்ட் அசையாது. கீழே அமைச்சர் வந்துவிட்டார். மாலை, கேமரா, மைக் எல்லாம் தயார், லிஃப்ட் மட்டும் இல்லை. ஒரு நிமிடம் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, படியிலயே போயிடலாம்” என்று தானே போய்த் திரையை விலக்கினார். அப்போது நிர்வாக அதிகாரியின் முகத்தைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். கையில் ஊசிக்குழாயோடு கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி அமைச்சர் மூன்று மாடியும் ஏறினார். கேமராக்களும் ஏறின.

மேலே மூச்சு வாங்கியபடி மைக்கில் சொன்னார்: “நான் லிஃப்ட்டைத் தவிர்த்து, வேண்டுமென்றே படியேறி வந்து குறைகளை நேரில் கண்டேன். இதற்குப் பொறுப்பானவர்கள் யாராக இருந்தாலும் விடமாட்டேன்.”

பத்தடிக்கு அப்பால் தியேட்டரில் அந்தக் குழந்தை இறந்தே வெளியே வந்தது. தாய் பிழைத்துக்கொண்டாள்.

பொறுப்பானவர் யாரென்று மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்கள். அனுமதியில்லாமல் லிஃப்ட்டை இயக்கியதற்காக அண்ணிக்குப் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்கள், இங்கே எய்தவனே வந்து அம்பைத் திட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரம் சட்டமன்றத்தில் யாரோ கேள்வி கேட்டார்கள். அமைச்சர் எழுந்து, குழந்தை மருத்துவமனைக்கு வரும்போதே இறந்திருந்தது, எந்தத் தாமதமும் ஏற்படவில்லை, கவனக்குறைவான ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று வாசித்தார். தொலைக்காட்சியில் அதைக் கேட்டபோது என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அண்ணி தொலைக்காட்சியை அணைத்தார்.

இரண்டு நாளில் நிர்வாக அதிகாரி வீட்டுக்கே வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். இயந்திரக் கோளாறால் லிஃப்ட் தானாக மேலே போய்விட்டது, நோயாளி யாரும் கீழே காத்திருக்கவில்லை என்று அதில் இருந்தது.

“நீ கையெழுத்து போட்டா போதும்மா. திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடலாம். ஓய்வுக்கு மூணு வருஷம்தானே இருக்கு, எதுக்கு வீணா கெடுத்துக்கிற?”

அவர் போன பிறகு என் அண்ணன் அந்த மாதத்து வாக்கியத்தைப் பேசினார். “நீ எதைப் போட்டாலும் எனக்குச் சரி, ஆனா ராத்திரி தூங்கணும்.”

அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனார். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வேண்டாம் அண்ணி, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதீர்கள் என்று வழியெல்லாம் சொன்னேன். கேட்கவில்லை.

“நான்தாம்மா லிஃப்ட் ஓட்டுறவ. பதினெட்டு நிமிஷம் உன்னை ஏத்தாம நிறுத்தி வச்சது நான்தான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “யாருக்காகக்கா?”

“அமைச்சருக்காக.”

“அப்புறம் அவரு எப்படி மேல வந்தாரு?”

“படியேறி.”

“அப்போ அவரால நடக்க முடியுமா?” என்று கேட்டாள்.

அண்ணி அவள் காலைத் தொட்டுவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வரும் வழியில் எழுதாத வெள்ளைத் தாள் நான்கு வாங்கினார். மூன்றை எழுதி எழுதிக் கிழித்தார்.

விசாரணை துறைத் தலைமை அலுவலகத்தில் நடந்தது. துணைக்கு ஒருவர் வரலாம் என்பதால் நானும் போனேன். மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை, பின்னால் கண்ணாடி போட்ட விசாரணை அதிகாரி. கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. தட்டச்சுத் தாளை எதிர்பார்த்துக் கையை நீட்டினார். அண்ணி தன் கையால் எழுதியதைக் கொடுத்தார். அவர் வாய்விட்டே படித்தார்.

“லிஃப்ட் நன்றாக ஓடியது. பதினொன்று பத்து முதல் பதினொன்று இருபத்தெட்டு வரை, உத்தரவின்படி அதைக் கீழ்த்தளத்தில் காலியாக நிறுத்தி வைத்தேன். அப்போது எதிரே ஒரு தாய் காத்திருந்தாள். டாக்டர் குழந்தைக்குத் துடிப்பு இருப்பதாகச் சொன்னதை நான் காதால் கேட்டேன். குழந்தை இறந்ததில் என் பங்குக்கு நான் பொறுப்பு.”

கீழே அண்ணியின் கையெழுத்து. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து மூன்று கோடுகள் போட்டிருந்தார். முதல் கோட்டுக்கு அடியில் நிர்வாக அதிகாரி, இரண்டாவதற்கு அடியில் கண்காணிப்பாளர், மூன்றாவதற்கு அடியில் சுகாதார அமைச்சர் என்று எழுதியிருந்தது.

“இது எதுக்கும்மா?”

“அவங்கவங்க பங்குக்கு அவங்கவங்க போடணும்ல சார். என் பங்குக்கு நான் போட்டுட்டேன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதோட உங்க வேலை போயிடும். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அதுவும் இல்லாம, ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் விவகாரத்துல எல்லாம் அமைச்சர் பேரு வராதும்மா.”

“அந்த மூணாவது மாடிக் கல்லுல மட்டும் எப்படி சார் வந்துச்சு?” என்று கேட்டார் என் அண்ணி.