தகரக் கூரையும் நாலு குடம் தண்ணீரும்

பத்து மணி ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரை சடசடக்க ஆரம்பிக்கும். ரங்கூனில் கூரை சடசடத்தால் மழை. மயிலாப்பூரில் அது வெயில். தகரம் போட்ட புதிதில், கொடியில் காயும் துணியை எடுக்க ஓடியிருக்கிறேன்.

ஜப்பான் சண்டைக்குப் பயந்து ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கே பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கும் ஆயா வேலை. சண்டை முடிந்ததும் கட்டடத்தைப் புதுப்பித்துக் கீற்றுக்குப் பதில் தகரம் போட்டார்கள். மார்கழிக் காலையில் பிள்ளைகள் நடுங்கினார்கள். பங்குனியில் பலகையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் மேலிடத்துக்கு ஓயாமல் எழுதிப் போட்டதில், சூடு அளக்க ஓர் ஓவர்சியர் வருவதாக ஆயிற்று. சூடு அதிகம் என்று அவர் எழுதினால், தகரத்துக்கு அடியில் மூங்கில் தட்டி அடித்துத் தருவார்கள்.

"அறை இருக்கிறபடியே இருக்கட்டும், நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க ஆயாம்மா" என்றார் டீச்சர். வயசானவளுக்கு வேலை வைக்க வேண்டாம் என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ரங்கூனில் என் மாமியார், வெயிலில் ஒருவர் வருகிறார் என்றால் மரத்தரையை நீர் விட்டுத் துடைத்து, ஜன்னல் பாயை நனைத்துத் தொங்கவிட்ட பிறகுதான் 'வாங்க' என்பார்.

ஓவர்சியர் வந்த அன்று டீச்சருக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் நாலு குடம் தண்ணீர் விட்டுத் தரையைத் துடைத்தேன். ஜன்னல்களில் ஈரச் சாக்கு கட்டினேன். அவர் கண்ணாடிக் குழாயைச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கூட வந்த பியூன், "இன்னா ஆயா, ஊட்டிய இங்க இஸ்துகினு வந்துட்டியா? சார் இங்கியே தூங்கிடப் போறாரு" என்றான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

தட்டி தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுவாரம் இரண்டாம் வகுப்பு பாத்திமா கணக்கு போடும்போதே சரிந்தாள். மடியில் போட்டு முகத்தைத் துடைத்தேன். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"எப்படித்தான் அளந்தாரோ அந்த மனுஷன்!" என்று டீச்சர் பொருமினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் டம்ளரோடு பக்கத்திலேயே நின்றேன்.

வாயால் சொல்ல முடியாததை இன்று ஓவர்சியருக்கு எழுதியிருக்கிறேன். தண்ணீர் விட்டது நான்தான், மறுபடி வந்து அளக்க வேண்டும் என்று. கையெழுத்தும் போட்டாயிற்று. அதன் கீழே ஊர் எழுத வேண்டும். ரங்கூன் என்றால், வெளியூர்க்காரி தெரியாமல் செய்தாள் என்று மன்னித்துவிடுவார்கள். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். மயிலாப்பூரை என் ஊர் என்று எழுதவும் கை வரவில்லை. பேனா முனையில் மை காய்ந்துகொண்டிருக்கிறது.